இரண்டு டன் இரும்பின் சுற்றுப்பாதை

பாதுகாப்பு வார மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று, நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது பாதுகாப்பு அதிகாரி. என் மகள் வயதுகூட இருக்காது. "சார், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒரு சம்பவம், அதுலேர்ந்து பத்து டிப்ஸ், ஒரு போட்டோ" என்றாள். பத்துக்கு நான் எங்கே போவேன்? முப்பத்து நான்கு வருடம் க்ரேன் ஓட்டியதில் எனக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. சுமையைச் சாய்வாக இழுக்காதே. ஆடுகிற சுமையின் அருகில் ஆளை விடாதே. இரண்டையும் நான் ஒரே நாளில், ஐந்து நிமிடத்துக்குள் மீறினேன்.

அவள் கேட்டதும் அந்த நாளைப் பற்றித்தான். "சுமையையே சுத்த வுட்டு ஆளைக் காப்பாத்துன தாமோதரன் சார்" என்று இன்றைக்கும் புதுப் பையன்களுக்குச் சொல்கிறார்களாம். சொல்லட்டும். ஆனால் அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அது என் வாயால் சொன்ன பொய். இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு மரியாதை வாங்கித் தின்றிருக்கிறேன். இனி முடியாது. முழுதையும் எழுதித் தருகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் க்ரேன் ஏறிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். கவரைப்பேட்டை பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம். அண்ணன்கள் மூவரும் அதிலேயே நின்றுகொண்டதால் நாலாமவனுக்கு வரப்புகூட மிச்சமில்லை. ஐ.டி.ஐ. படித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்காலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, இரண்டு வருடம் சங்கிலி சுமந்தேன். ஒரு ஆபரேட்டருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவர் இடத்தில் என்னை ஏற்றினார்கள். அவர் திரும்பி வந்தபோது இன்னொரு க்ரேன் வாங்கியிருந்தார்கள், நான் பிழைத்தேன்.

க்ரேன் என்றதும் சாலையில் நிற்கிற மஞ்சள் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது கூரைக்கு அடியில் ஓடுவது. ஷெட்டின் இரு பக்கமும் உயரத்தில் தண்டவாளம், அதன்மேல் குறுக்கே ஒரு இரும்புப் பாலம், பாலத்தின் மேல் ஒரு தள்ளுவண்டி. தள்ளுவண்டியிலிருந்து கம்பி வடமும் கொக்கியும் தொங்கும். பாலத்தோடு சேர்ந்து தொங்குகிற கண்ணாடிக் கூண்டில் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். முன்னால் மூன்று கைப்பிடிகள். ஒன்று கொக்கியை ஏற்றி இறக்கும். ஒன்று தள்ளுவண்டியைச் சுவருக்குச் சுவர் நகர்த்தும். மூன்றாவது பாலத்தையே ஷெட்டின் நீளத்துக்கு ஓட்டும். அதை லாங் டிராவல் என்போம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் மொத்தமும் நின்றுவிடும். காலடியில் ஒரு பித்தளை மணி, மிதித்தால் அடிக்கும். அதற்குக் கரண்ட் வேண்டாம். அவ்வளவுதான் என் ஆபீஸ்.

எங்கள் ஃபோர்மேன் காதர் பாய், பழவேற்காட்டுக்காரர். குடும்பமே துணி வியாபாரம். இவர் ஒருவர்தான் இரும்புக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உருக்காலைக்கு வருகிற ஒரே மனிதர். சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும், எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சத்தம் போடமாட்டார். ஷெட்டில் போட்டாலும் கேட்காது. கையால்தான் பேசுவார். ஒரு விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. இரு கையையும் விரித்தால் நிறுத்து, அதற்குமேல் மூச்சுகூட விடாதே.

எந்தச் சுமையானாலும் முதலில் மூன்று விரல் உயரம்தான் தூக்கச் சொல்வார். தூக்கி, நிறுத்து. அவர் குனிந்து சுமைக்கும் தரைக்கும் நடுவே நாலாபக்கமும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். வடம் நேராக நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, சுமை ஆடுகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் விரல் சுழலும். சுமை ஆடினால் நாங்கள் பதறிப்போய்க் கைப்பிடியை எதிர்ப்பக்கம் இழுப்போம். ஆட்டம் இன்னும் பெரிதாகும். "எதுத்து நிக்காத நைனா, அது போற பக்கமே நீயும் போ. அது கடேசில நின்னு திரும்பும் பாரு, அப்போ அது தலைக்கு நேரா போய் நில்லு" என்பார். அதேபோலச் செய்தால் ஆட்டம் அடங்கிவிடும். அவசரப்பட்டால் மட்டும் மெல்லக் கேட்பார்: "இன்னா அவ்ளோ அர்ஜென்ட்டு? இந்த லோக்கலு போனா அடுத்த லோக்கலு வரும்."

ஒருநாள் காலை நாஷ்டா நேரம். காலிக் கொக்கியை நான் ஒழுங்கில்லாமல் நிறுத்தியதில் அது வட்டமடித்துக்கொண்டிருந்தது. காதர் பாய் ஏணியில் ஏறிக் கூண்டுக்கே வந்துவிட்டார். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தோள்மேல் கைவைத்துக் கீழே பார்த்தார்.

"பாத்தியா தாமு, பூமி இப்பிடித்தான் சுத்துது."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"இந்தக் கொக்கி எங்க போவணும்னு பாக்குது?"

"நடுவுக்கு. நேரா கீழ தொங்கணும்னு பாக்குது."

"அப்போ ஏன் நடுவுக்கு வரல?"

"சுத்துது இல்ல பாய், வெளிய தள்ளுது."

"யாரு தள்றா? நீ தள்றியா, நான் தள்றனா?" என்று சிரித்தார். "யாரும் தள்ளல நைனா. அது நேரா ஓடப் பாக்குது. வடம் உள்ள இழுக்குது. நேரா போவவும் வுடல, ஓட்டத்த நிறுத்தவும் இல்ல. அதான் வளஞ்சி வளஞ்சி வருது. இப்போ வடம் அறுந்துச்சின்னு வை, வெளிப்பக்கம் பறக்காது. அந்த நிமிசம் எந்தப் பக்கம் ஓடிக்கினு இருந்துச்சோ அந்தப் பக்கம் நேரா போவும். பூமிக்கு வடம் கெடையாது, சூரியனோட இழுப்புதான் வடம். ஓட்டம் மட்டும் இல்லன்னா நேரா போய் சூரியன்ல வுழுந்துரும். நிலா இன்னா பண்ணுதுன்ற? நம்ம மேல வுழுந்துக்கினேதான் கீது. வுழும்போதே பக்கவாட்டுல ஓடிருது. அதனால ஒவ்வொரு தபாவும் நம்மள தவற வுட்டுருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிலா நம்மைத் தவறவிடுகிறதாம்! "அப்போ இந்தக் கொக்கி கொஞ்ச நேரத்துல நின்னுடும். பூமி ஏன் நிக்கல?" என்று மடக்கினேன். மடக்கியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"கரெக்ட்டா கேட்ட பாரு! இங்க காத்து தடுக்குது, வடம் உரசுது. அங்க தடுக்கவும் ஒண்ணுமில்ல, உரசவும் ஒண்ணுமில்ல. அது யார் பேச்ச கேட்டு நிக்கும்?"

தொண்ணூறுகளில் ஒரு வால்நட்சத்திரம் சில வாரங்கள் சாயங்காலம் மேற்கே தெரிந்தது. ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது காதர் பாய்தான் காட்டினார். நானும் ஏழுமலையும் உடன் நின்றோம். ஏழுமலை எங்கள் ரிக்கர். சுமைக்குச் சங்கிலி மாட்டி, கீழே நின்று எனக்குக் கைகாட்டுகிறவன். என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். காதர் பாய் சொன்னார்: அதன் வால் அது ஓடிவந்த வழியில் இருக்க வேண்டும் என்பதில்லை, எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பாதை நம் கொக்கி சுற்றுவதைப்போல நீள்வட்டம்தான். ஆனால் நம் கொக்கிக்கு இழுக்கிற இடம் நடுவில், அதற்குச் சூரியன் ஒரு ஓரமாக இருக்கிறது. சூரியனை நெருங்கும்போது தலைதெறிக்க ஓடும், தூரமாகப் போகப்போக மெதுவாகிவிடும்.

"அவ்ளோ தூரம் போனது ஏன் பாய் திரும்பி வருது? அப்பிடியே போயிட வேண்டிதானே?" என்று கேட்டேன்.

"வேகம் பத்தல. இழுப்பு கொறைஞ்சாலும் வுடல. மெதுவாவும், திரும்பிரும்."

"பொண்டாட்டி கோச்சிக்கினு அம்மா ஊட்டுக்குப் போனாப்ல சொல்லுங்க" என்றான் ஏழுமலை. காதர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். பிளாட்பாரத்தில் பக்கத்தில் நின்றவர்களும் மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் லோக்கலையே விட்டுவிட்டோம்.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்த நாள் வந்தது.

பழைய உலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் மூடிக்கு எதிர்எடையாக இருந்த வார்ப்பிரும்புக் கட்டி ஒன்றைச் சுவர் ஓரமாக, ஒன்றரை அடி உயரக் கட்டைகளின் மேல் வைத்திருந்தார்கள். இரண்டு டன். பார்த்தால் ஒரு சின்ன மேஜை அளவுதான். எங்கள் தள்ளுவண்டி சுவருக்கு ஆறடி முன்னாலேயே நின்றுவிடும். அதாவது கொக்கி நேராகக் கட்டியின் தலைக்குமேல் போகாது. முறைப்படி என்றால் ஜாக்கி வைத்து, உருளைக் கம்பி போட்டு, கட்டியை ஆறடி வெளியே தள்ளிக்கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். அரை நாள் வேலை. வடத்தைச் சாய்வாக மாட்டி இழுத்தால் ஐந்து நிமிடம். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வோம், காதர் பாய் கண்ணில் படாத நேரமாகப் பார்த்து.

அன்று அவர் ஸ்டோருக்குப் போயிருந்தார். வெளியே லாரி காத்திருந்தது, சாப்பாட்டு நேரம் வேறு. ஏழுமலை சங்கிலியைக் கட்டியில் மாட்டிவிட்டு மேலே என்னைப் பார்த்தான். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவன் இரு கையையும் கூப்பி, வயிற்றைத் தட்டிக் காட்டினான்: பசிக்கிறது, இழுத்துவிடு. அவன் காட்டினான் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கைப்பிடி என் கையில் இருந்தது.

தூக்கினேன். வடம் சாய்வாக விறைத்தது. கட்டி லேசாக எழும்பி, கட்டைகளின் விளிம்பில் சிக்கிக்கொண்டு நின்றது. ஏழுமலை ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு, கட்டிக்கும் கொக்கி நேராகத் தொங்க வேண்டிய இடத்துக்கும் நடுவே போய் நின்று நெம்பினான். அந்த நேரத்தில் நான் வடத்தைத் தளர்த்தியிருக்க வேண்டும். புத்தி வரவில்லை. "இன்னும் கொஞ்சம், வந்துரும்" என்றுதான் இருந்தேன்.

வந்துவிட்டது. கட்டைகள் பொலபொலவென்று சரிந்தன. ஏழுமலை மல்லாக்க விழுந்தான். கால் சுவர்ப் பக்கம், தலை வெளிப்பக்கம். வலது கணுக்கால் கட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவன் விழுந்து கிடந்தது, கொக்கி நேராகத் தொங்கினால் எங்கே தொங்குமோ அந்த இடத்தில். கட்டி அவனை நோக்கிப் புறப்பட்டது. நடுவுக்கு வர வர ஊஞ்சல்போல முக்கால் அடி கீழே இறங்கும். இறங்கினால் தரைக்கும் அதற்கும் மிச்சம் இருப்பது இன்னொரு முக்கால் அடி. அதில் ஒரு மனிதனின் நெஞ்சு அடங்காது.

இங்கேதான் என் பொய் இருக்கிறது. கம்பெனியில் சொல்கிற கதையின்படி, தாமோதரன் அந்தக் கண நேரத்தில் யோசித்து, லாங் டிராவலைத் தட்டிப் பாலத்தைப் பக்கவாட்டில் உலுக்கி, நேராக வந்த கட்டியைச் சுற்றிப் போகவைத்தான். உண்மை என்னவென்றால், நான் யோசிக்கவே இல்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கத்தான் கையை வீசினேன். கை தவறி, பக்கத்திலிருந்த லாங் டிராவல் கைப்பிடியில் போய் அடித்தது. பாலம் குலுங்கி ஒரு அடி நகர்ந்தது. அய்யோ என்று திருப்பி இழுத்தேன். பழைய இடத்துக்கே வந்தது. அதற்குப் பிறகுதான் பொத்தான் கையில் கிடைத்தது. அமுக்கினேன், க்ரேன் செத்து நின்றது. நான் நிறுத்த நினைத்தபடி முதலிலேயே நிறுத்தியிருந்தால் கட்டி நேராக ஏழுமலையின் மேல் போயிருக்கும்.

அந்த ஒரு குலுக்கலில் கட்டிக்குப் பக்கவாட்டு ஓட்டம் கிடைத்துவிட்டது. நடுவுக்கு வரவேண்டியது, ஏழுமலையின் தோளுக்கு ஒரு கை தூரத்தில் விலகிப் போனது. வெளிப்பக்கம் ஆறடி போய், மெதுவாகி, வளைந்து, மறுதோள் பக்கமாக விர்ரென்று திரும்பி, சுவருக்குப் போனது. மறுபடியும் வந்தது. இரண்டு டன் இரும்பு அவனைச் சுற்றி நீள்வட்டம் போட ஆரம்பித்தது. மேலே, வடம் சுற்றிக்கொள்ளும் டிரம்மில், அது தன் பள்ளத்தைவிட்டு எகிறி எதிலோ சிக்கிய சத்தமும் கேட்டது. சாய்வாக இழுத்ததன் கூலி. இனி ஏற்றினாலோ இறக்கினாலோ வடம் அறுந்துவிடலாம்.

கீழே ஆட்கள் ஓடி வந்தார்கள். கையில் கிடைத்த பைப், கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு கட்டியைத் தடுத்து நிறுத்தப் பாய்ந்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அப்போது ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து காதர் பாய் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கத்தியும் கேட்டதில்லை. அன்று கத்தினார், மேலே எனக்கே கேட்டது.

"தொடாதீங்கடா! சுத்தட்டும் வுடுங்க! நிறுத்தினா நடுவுலதான் வந்து நிக்கும்!"

பைப்பைத் தூக்கியவன் அப்படியே நின்றான். காதர் பாய் நிமிர்ந்து டிரம்மைப் பார்த்தார். வடம் சிக்கியது அவருக்குத் தெரிந்துவிட்டது. இரு கையையும் என்னை நோக்கி விரித்தார்: எதையும் தொடாதே. பாலத்தை நகர்த்தினால் நடு இடமும் சேர்ந்து நகரும். கட்டி அவன்மேல் ஏறிவிடும்.

மேலிருந்து எனக்கு இன்னொன்று தெரிந்தது. நீள்வட்டம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் நீண்ட பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஏழுமலை நீளவாக்கில் படுத்திருந்தான். நீள்வட்டத்தின் குறுகிய பக்கம் அவன் தலைக்கோ காலுக்கோ திரும்பி வந்துவிட்டால் முடிந்தது. மிஞ்சிப்போனால் இருபது சுற்று. ஒரு சுற்றுக்கு ஐந்து, ஆறு எண்ணலாம். கண்ணாடியைக் குத்தித் திறந்து, விரலால் வட்டம் போட்டு, அது திரும்புகிறதைக் காட்டினேன். காதர் பாய் பார்த்தார். தலையாட்டினார். தன் காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டி, சுவரைக் கைகாட்டினார். புரிந்தது. கட்டி சுவர்க் கோடிக்குப் போகும்போதெல்லாம் மணி அடி.

கட்டி சுவர்க் கோடியில் மெதுவாகித் திரும்புகிற நேரத்தில் வெளிப்பக்கம் உள்ளே நுழைய வழி திறந்திருக்கும். அது மறுபடி வெளிப்பக்கம் வந்து சேர மூன்று எண்ணுகிற நேரம். உள்ளே போகிறவனுக்கு அந்த மூன்றுதான் உண்டு. வெளியே இருப்பவனுக்கு ஆட்கள் மறைத்தார்கள், கட்டைகள் மறைத்தன. மேலிருந்த எனக்கு மட்டும்தான் முழுதும் தெரிந்தது.

மிதித்தேன். டணங். ஒரு சுற்று. டணங். காதர் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது மணிக்கு, கையில் ஒரு கடப்பாரையோடு குனிந்து உள்ளே ஓடினார். அவர் முதுகுக்குப் பின்னால் கட்டி விர்ரென்று கடந்தது. ஏழுமலையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெம்பினார். நகரவில்லை. டணங். இன்னும் நெம்பினார். நகரவில்லை. நீள்வட்டம் திரும்பிக்கொண்டே இருந்தது. வெள்ளைச் சட்டையின் முதுகை உரசினாற்போலக் கட்டி போனது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மூடினால் மணி தப்பிவிடும். "சாமி, சாமி" என்று வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தேன்.

பதினொன்றாவது மணியில் கட்டை புரண்டது. காதர் பாய் ஏழுமலையின் இரு அக்குளிலும் கையைக் கொடுத்துக் காத்திருந்தார். அடுத்த சுற்றில் நான் மிதித்ததும் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடினார். வெளியே நின்ற மூன்று பேர் இருவரையும் சேர்த்துப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கட்டி அதற்குப் பிறகுதான் அந்தக் கோடிக்கு வந்தது. அப்புறமும் நான் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கீழேயிருந்து காதர் பாய் "போதும்" என்று கையைக் கவிழ்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஏழுமலையை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். கட்டியை யாரும் தொடக்கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னார் காதர் பாய். அது பாட்டுக்குச் சுற்றியது. சுற்று சுருங்கிச் சுருங்கி, வெகு நேரம் கழித்து நின்றது. ஏழுமலையின் சட்டைப் பையிலிருந்து விழுந்த பீடிக்கட்டு தரையில் கிடந்தது. அதற்கு நேர்மேலே, ஒரு விரல்கூட இப்படி அப்படி இல்லாமல் நின்றது.

காதர் பாய் ஏணியில் ஏறி வந்தார். திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு கேட்டார்: "லாங் டிராவல நீ வேணும்னே குடுத்தியா?"

இல்லை பாய், கை தவறிடுச்சி. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வேலை போய்விடும் என்று பயம். அதைவிட, அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமை இருந்தது. தான் சொல்லிக்கொடுத்த ஒன்றை ஒருவன் புரிந்துகொண்டான் என்கிற பெருமை. அதை அவர் முகத்திலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஆமா பாய்" என்றேன்.

அதையே ரிப்போர்ட்டில் எழுதினார். எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். சாய்வாக இழுத்தது தன் பிரிவில் நடந்ததால் பொறுப்பு தன்னுடையது என்று அவரே எழுதிக்கொடுத்து, மெமோ வாங்கிக்கொண்டார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. அதற்காக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரிடையர் ஆகிப் பழவேற்காடு போன பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று போய், பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். போன வருடம் அவர் இறந்துபோனார். அவரிடம் சொல்லாமல் விட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

ஏழுமலையின் கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்தார்கள். அவனுக்கு அதற்குப் பிறகு ஸ்டோரில்தான் வேலை. விந்தி விந்தி நடப்பான். யார் கேட்டாலும், "தாமு மட்டும் அன்னிக்கி சைடுல தட்டலன்னா நான் இன்னிக்கி இல்ல" என்பான். அவன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்தான்.

இப்போது க்ரேனிலேயே கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு ஆட்டத்தை அடக்கிவிடுகிறதாம். சாய்வாக இழுத்தால் தூக்கவே மாட்டேன் என்று நின்றுவிடுமாம். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் போய்ப் பார்த்தேன். ரொம்ப நல்ல விஷயம். அது அன்றைக்கே இருந்திருந்தால் ஏழுமலை இன்றைக்கு ஓடியாடிக்கொண்டிருப்பான்.

இதுவரைக்கும் எழுதி முடித்த பிறகு, மலருக்கு அனுப்புமுன் அவனிடம் காட்டாமல் இருப்பது தப்பு என்று தோன்றியது. போன ஞாயிறு, நான் இப்போது இருக்கிற மணவாள நகரிலிருந்து பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி, "வாங்கண்ணா, இன்னா இவ்ளோ எளச்சிட்டீங்க" என்று மோர் கொண்டுவந்து வைத்தாள். ஏழுமலைக்குக் கண்ணில் புரை, படிக்க முடியாது. நானே படித்துக் காட்டினேன். 'கை தவறி' என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"அது தெரியுமே" என்றான் அவன்.

"இன்னா தெரியும்?"

"கை தவறிதான் பட்டுச்சின்னு. நான் கீழ மல்லாக்கப் படுத்துக்கினு உன்ன தானப்பா பாத்துக்கினு இருந்தேன். பட்டன எங்கன்னு தெரியாம தடவிக்கினு இருந்தியே. மூஞ்சி பேயறஞ்சாப்ல."

நான் காகிதத்தை மடியில் வைத்தேன். "தெரிஞ்சிக்கினுதான் இத்தினி வருசமா ஊரெல்லாம் என்ன பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சியா?"

"பின்ன இன்னா பண்றது? ஆஸ்பத்திரிக்கு வந்து என் கால புடிச்சிக்கினு எப்பிடி அழுத நீ! நான் வேற உண்மையச் சொல்லியிருந்தா மறுபடி க்ரேன்ல ஏறியிருப்பியா? மூணு புள்ளைங்கள வச்சிக்கினு இன்னா பண்ணியிருப்ப?"

அழுதுவிடாமல் இருக்க மோரை எடுத்துக் குடித்தேன். அவன் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினான்.

"அத வுடு. அந்தக் கட்டி என்னச் சுத்தி போவுது, எந்தப் பக்கம் வரும்னு எனக்குத் தெரியல. எனக்குக் கேட்டது உன் மணி ஒண்ணுதான். இன்னும் அடிக்குது, இன்னும் அடிக்குது, அப்போ நாம இன்னும் உசுரோட கீறோம்னு நெனச்சிக்கினு படுத்திருந்தேன். அந்த மணி? அதுவும் கால் தவறித்தான் பட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா. மீதியப் படி."